மூன்றடிக்குள் அடங்கும் ஒரு பூஞ்செடி: திருகோணமலை வீட்டு முன்வாசலுக்கு எது பொருந்தும்?

கேள்வி இதுதான்: திருகோணமலை நகருக்குள் வீடு. மேற்குப் பார்த்த முகப்பு. கேற்றிலிருந்து மதிலோரமாக 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். கிணற்றுத் தண்ணீர் இலேசாக உவர்க்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவில் மான்களும் வந்து போகும். மூன்றடிக்கு மேல் போகாமல், வருடத்தில் பல மாதம் பூத்து, அடிக்கடி வெட்டிவிடத் தேவையில்லாத செடி எது?

மண்ணும் தண்ணீரும் இடங்கொடுத்தால் குட்டை வெட்சி, அதாவது நாற்றுமேடைகளில் எக்சோரா என்று கேட்டால் தருகிற செடியில் குட்டை இனம். மூன்று கன்று போதும். மண்ணில் சுண்ணாம்பு அதிகமென்றால் குட்டை நந்தியாவட்டை. தண்ணீர் நன்றாகவே உவர் என்றால் குட்டைக் கடதாசிப்பூ, அதாவது போகன்வில்லா. உங்கள் இடம் இந்த மூன்றில் எதைக் கேட்கிறது என்பதைக் கன்று வாங்குவதற்கு முதல் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு நாளைச் செலவழிப்பதில்லை. ஜனவரியில் நாற்றுமேடைக்குப் போய், பூத்துக் குலுங்குவதைப் பார்த்து வாங்கி வருகிறார்கள். ஓகஸ்டில் அது காய்ந்து நிற்கிறது.

திருகோணமலையில் செடியைத் தீர்மானிப்பது கச்சான் காற்று. வருடத்துக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை கிடைத்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, வெறும் வெக்கையாக இங்கே வந்து சேரும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கும் காலம் அது. உங்கள் முன்வாசல் மேற்குப் பார்த்தது என்பதால் மத்தியானம் 12 மணிக்குப் பிறகான வெயிலும் இதே காற்றும் சேர்ந்து அந்த நிலத்தில் விழும். சீமெந்துச் சுவர் வெயிலை உள்வாங்கி இரவு எட்டு மணி வரைக்கும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நாற்றுமேடையில் ஒரு செடியைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது “யூலை மாதம் மேற்கு வெயிலில் இது எப்படி நிற்கும்?” என்பதைத்தான்.

அடுத்தது உயரம். மூன்றடி வேண்டும் என்றால் இயல்பிலேயே மூன்றடிக்குள் நிற்கும் செடியைத்தான் வாங்க வேண்டும். எட்டடி வளரும் செடியை வாங்கி வெட்டி வெட்டி மூன்றடியில் வைத்திருக்கலாம் என்பது ஏமாற்றம். செவ்வரத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண செவ்வரத்தை எட்டு, பத்தடி போகக்கூடியது. அதை மூன்றடியில் வைக்க வருடத்தில் நாலைந்து முறை வெட்ட வேண்டும். அது பூப்பது புதுத் தளிரின் நுனியில். வெட்டுகிற ஒவ்வொரு முறையும் வரப்போகிற பூவையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். முடிவில் கிடைப்பது பூவில்லாத பச்சைப் பெட்டி. மயில்கொன்றை, பைக்கஸ், டுரன்டா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பைக்கஸ் வகைகளில் வேர் இன்னொரு பிரச்சினை. நாலடி அகலத்துக்குள் நட்டால் மதில் அத்திவாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் தேடிப் போகும். குட்டையாகத் தெரிகிறதே என்று நம்பி அதை இந்த இடத்தில் வைக்கவே வேண்டாம்.

உயரத்தைவிட அகலம்தான் முன்வாசலில் அதிகம் தொந்தரவு தரும். குட்டை வெட்சி முதிர்ந்தால் இரண்டரை அடி அகலம் வரும். உங்கள் 4 அடியில் மதிலிலிருந்து சரியாக 2 அடி தள்ளி நடுக்கோட்டில் நட்டால், செடி விரிந்த பிறகு மதில் பக்கம் 9 அங்குலமும் நடைபாதைப் பக்கம் 9 அங்குலமும் மிஞ்சும். மதில் பக்கத்து 9 அங்குலம் வீணல்ல. காற்று போகவும், அடியில் விழும் இலையை வாரவும், இலையின் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்கவும் அந்த இடம் வேண்டும். நீளவாட்டில் 10 அடியில் 2, 5, 8 அடிப் புள்ளிகளில் மூன்று கன்று. நட்ட முதல் வருடம் இடைவெளி அதிகமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து இடையில் இன்னும் இரண்டை நுழைக்காதீர்கள். இடைவெளியில் வேண்டுமானால் பட்டிப்பூ போட்டுக்கொள்ளலாம், வெட்சி நெருங்கியதும் பிடுங்கிவிடலாம். நட முதல் கேற்றை முழுவதும் திறந்து, அதன் விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். நீர்மானிப் பெட்டியும் வடிகான் மூடியும் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். மானி வாசிக்க வருபவர் முள்ளுக்குள் கைவிட வேண்டிவரக் கூடாது.

இனிப் பரிசோதனை. மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, அலவாங்கால் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி போடுங்கள். முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். வீடு கட்டிய மேசன்மார் மிஞ்சிய சாந்து, உடைந்த கல், ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் மதிலடியில்தான் தள்ளி மூடியிருப்பார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, கோப்பையில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து மணலில் சிப்பித் தூள் கலந்திருந்தாலும் இதேபோல நுரைக்கும். வெட்சிக்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. பிறகு அதே குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, இரண்டாவது வாளி ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வற்றினால் நல்லது. மறுநாளும் தண்ணீர் நின்றால், அடியில் இறுகிய கிரவல் தட்டோ கொங்கிறீட்டோ இருக்கிறது. அந்த இடத்தில் கார்த்திகை மழைக்கு எந்தச் செடியின் வேரும் அழுகும். மறுபக்கம், உப்புவெளி, நிலாவெளி மணலில் ஊற்றிய தண்ணீர் இரண்டு நிமிடத்தில் காணாமற் போகும். அங்கே பிரச்சினை தலைகீழ்: கோடையில் ஈரம் தங்காது.

தண்ணீரின் உவரைப் பார்ப்பதற்குப் பேனை வடிவில் சிறிய மின்கடத்துமானி கிடைக்கிறது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், மண்ணில்லாப் பயிர்ச்செய்கை செய்பவர்கள் வைத்திருப்பார்கள், இரவல் வாங்கினாலே போதும். மைக்ரோசீமன்ஸ் கணக்கில் 700-க்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் பயமில்லை. 700-க்கும் 3,000-க்கும் இடையில் செடியைப் பார்த்துத் தேர வேண்டும். 3,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பூஞ்செடிகள் இலை கருகும். வெட்சிக்கு நான் வைக்கும் எல்லை 1,000. கிணற்று நீரை ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். மார்கழியில் 600 காட்டுகிற கிணறு ஓகஸ்டில் நீர்மட்டம் இறங்கியதும் இரண்டு மடங்குக்கு மேல் காட்டலாம். செப்டெம்பரில் பார்ப்பதுதான் உண்மைக் கணக்கு. கேத்தலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா என்பதையும் கவனியுங்கள். படிந்தால், உப்புக் குறைவாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் மண்ணைக் காலப்போக்கில் காரமாக்கி வெட்சியை மஞ்சளாக்கும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் வீட்டில் இருந்தால் வெட்சிக்கு அதையே ஊற்றுங்கள். மூன்று கன்றுக்குக் கோடையில் வாரம் எட்டு, ஒன்பது வாளிதான் செலவாகும்.

மூன்று செடியையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

வெட்சி நம் நாட்டுக்காடுகளிலும் உள்ள செடிதான். முருகனுக்கு உகந்த பூ, சங்க காலத்தில் நிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. ஆனால் அந்தக் காட்டு வெட்சி ஆளுயரத்தைத் தாண்டும். உங்களுக்கு வேண்டியது சிற்றிலைக் குட்டை இனம். நாற்றுமேடையில் இரண்டையும் சின்னப் பொலித்தீன் பையில் ஒரே உயரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். இலையைப் பார்த்தால் பிரித்தறியலாம். குட்டை இனத்தின் இலை ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம், பெரிய இனத்தின் இலை மூன்று, நாலு அங்குலம். கணுவுக்கும் கணுவுக்கும் உள்ள தூரம் குட்டையில் ஓரங்குலத்துக்குக் குறைவாக இருக்கும். இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. வளர்ச்சியை அடக்கும் மருந்து ஊற்றிய கன்றும் கணு நெருங்கித்தான் தெரியும். ஆறேழு மாதத்தில் மருந்து தீர்ந்து செடி எழும்பிவிடும். அதனால் கணுவை மட்டும் நம்பாமல் இலையின் அளவையும் பாருங்கள். முடிந்தால் அந்த நாற்றுமேடையில் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வருடத்துத் தாய்ச்செடி இடுப்புக்குக் கீழே நின்றால் அதன் கன்றை நம்பி வாங்கலாம். சிவப்பும் செம்மஞ்சளும் மற்ற நிறங்களைவிட வெயிலைத் தாங்கும். மஞ்சள், இளஞ்சிவப்பு மேற்கு வெயிலில் ஓரிரு நாளில் வெளிறிப்போகும். முள் இல்லை, பால் இல்லை என்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை முதலில் வைக்கிறேன்.

நந்தியாவட்டையில் அடுக்குப்பூ இனம் ஐந்தடிக்கு மேல் போகும், இந்த இடத்துக்கு வேண்டாம். சிறிய இலையும் ஒற்றை அடுக்குச் சின்ன வெள்ளைப்பூவும் கொண்ட குட்டை இனம் இரண்டு, மூன்றடியில் நிற்கும். காலையில் சாமிக்குப் பறிக்கத் தினமும் பூ கிடைக்கும். மண் விடயத்தில் வெட்சியைப்போல நுட்பம் பார்க்காது. பால் வடியும் செடி என்பதால் ஆடும் மானும் பெரும்பாலும் விட்டுவிடும். அந்தப் பால் கண்ணில் படக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இதற்கு வரும் முக்கிய எதிரி விரல் தடிப்பில் பச்சைநிறப் புழு ஒன்று, தலைப்பக்கத்தில் நீலக் கண் வரைந்தாற்போல இரண்டு வட்டம் இருக்கும். இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு இலேசில் அகப்படாது. தரையில் மிளகளவு கறுப்பு உருண்டைகள் கிடந்தால், நேர் மேலே உள்ள கிளையில் தேடுங்கள். ஒரு செடிக்கு இரண்டு, மூன்றுதான் இருக்கும். கையால் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, மருந்து தேவையில்லை. விட்டுவைத்தால் இரண்டு இரவில் செடி மொட்டை.

கடதாசிப்பூ கச்சானில் பூக்கிற செடி. மற்றவை எல்லாம் சோர்ந்து நிற்கும் மாசி முதல் ஆவணி வரையான வறட்சியில்தான் இதற்கு நிறம் ஏறும். உவரையும் ஓரளவு பொறுக்கும். சாதாரண இனம் கொடியாக ஓடி மதிலைத் தாண்டும், ஆகவே குட்டை இனம் என்று கேட்டே வாங்க வேண்டும். கணு நெருங்கி, கிளை நுனியில் பந்துபோலப் பூக்கிற முள் குறைந்த இனங்கள் உண்டு. முள் குறைவு என்றாலும் முள் முள்தான். பிள்ளைகள் ஓடும் கேற்றுப் பக்கத்தில் வைக்காமல் அந்த நிலத்தின் தூர முனையில் ஒன்றோ இரண்டோ வையுங்கள். இதைக் கெடுப்பவை இரண்டு: தண்ணீரும் யூரியாவும். தினமும் தண்ணீர் ஊற்றி யூரியாவும் போட்டால் இலையும் நீண்ட தடியும்தான் வரும், பூ வராது. இன்னொன்று, இதன் வேர் நொறுங்கும் தன்மை உடையது. பொலித்தீன் பையிலிருந்து தண்டைப் பிடித்து இழுக்காமல், பையைக் கத்தியால் கீறி, மண் கட்டியோடு தூக்கி வையுங்கள். மண் உடைந்து விழுந்த கன்று ஒரு கிழமையில் எல்லா இலையையும் கொட்டிவிடும்.

வேறு சிலவற்றையும் கேட்பீர்கள். அலரியில் குட்டை இனம் உண்டு, உவருக்கும் வெயிலுக்கும் அசையாது, மான் தொடாது. ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் முன்வாசலில் அதற்கு இடமில்லை. யூபோபியா என்று விற்கும் முள்ளுச்செடி எங்கும் பிழைக்கும், பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை பொறுத்திருங்கள். அடீனியம் கோடையில் அழகு. நவம்பர், டிசம்பர் மழையில் அடிக்கிழங்கு அழுகும். சாடியில் வைத்து மாரியில் விறாந்தைக்குள் எடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் அது சரி. குரோட்டன் மேற்கு வெயிலில் இலை பொசுங்கும். மாமர நிழல் விழும் இடம் என்றால் கனகாம்பரம் நன்றாக வரும், ஆனால் உங்கள் இடத்தில் நிழல் இல்லை. எட்டேரியா என்று சிங்களத்தில் சொல்லும் வெண்பூச் செடி மணத்தில் நிகரற்றது, நம் வரண்ட வலயத்துக்கும் உரியது. வளவில் தேசிக்காய் மரம் இருந்தால் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் சாறுறிஞ்சும் பூச்சி ஒன்று எட்டேரியாவின் தளிரில் பெருகி மரத்துக்குத் தாவும்.

நடும் காலம் ஒக்டோபர். முதல் மழை மண்ணில் ஒரு சாண் இறங்கியதும் நடுங்கள். அப்போது நட்டால் கச்சான் தொடங்குவதற்கு முன் ஏழு மாதம் வேர் ஓடக் கிடைக்கும். பெப்ரவரியில் நட்டால் மூன்று மாதம்தான். பலருடைய கன்றுகள் முதல் கோடையிலேயே சாவதற்கு மிகப் பெரிய காரணம் இந்த வித்தியாசம்தான். கன்றைச் செப்டெம்பர் நடுவிலேயே வாங்கி வந்துவிடலாம். மலைநாட்டிலும் மேற்குக் கரையிலும் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்து லொறியில் வந்த கன்றை நேரே மேற்கு வெயிலில் இறக்கினால் இலை வெந்துபோகும். முதல் நாலு நாள் விறாந்தை நிழல், அடுத்த நாலு நாள் காலை வெயில், அதற்கடுத்த நாலு நாள் மத்தியானம் வரை வெயில் என்று பழக்கி எடுங்கள்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். ஒரு குழிக்கு ஏறக்குறைய 95 லீற்றர் மண் வேண்டும், 50 கிலோ உரப்பையில் ஒன்றரைப் பை. வினாகிரியில் நுரைத்த மண்ணை முழுவதும் அள்ளி அகற்றுங்கள், சலித்துத் திரும்பப் போடாதீர்கள். கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய கூட்டெருவோ மாட்டெருவோ ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கன்னியா, பாலையூற்றுப் பக்கத்துச் செம்மண் வெட்சிக்கு நன்றாகப் பொருந்தும். தும்புத்தூளை வாங்கியபடியே கலக்காதீர்கள். கரையோர ஆலைகளில் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். சாக்கில் போட்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிட்டுப் பாவியுங்கள். மணற்பாங்கான இடத்தில் குழியின் அடியில் இரண்டு பொச்சுமட்டையை உட்குழிவு மேலே பார்க்க வைத்து, அதன்மேல் ஆறங்குலம் மண் போட்டு, அப்புறம் கன்றை வைத்தால் கோடையில் அந்த மட்டை ஈரம் பிடித்து வைக்கும். கிரவல் மண்ணில் மட்டை வேண்டாம். அங்கே நிலமட்டத்திலிருந்து ஆறங்குலம் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள், மாரி வெள்ளம் தண்டடியில் நிற்காது.

பையைக் கழற்றியதும் வேர் சுற்றிச் சுற்றி வளையமாக இருந்தால் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாக அரையங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறிவிடுங்கள். கடதாசிப்பூவுக்கு மட்டும் இது கூடாது. கன்றின் கழுத்து, பையில் எந்த மட்டத்தில் மண்ணுக்கு மேலே இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். குழி மண் பிறகு அமுங்கும் என்பதால் அரையங்குலம் உயர்த்தியே வையுங்கள். நட்டவுடன் ஒரு முழு வாளி, 10 லீற்றர். கழற்றிய பொலித்தீனைக் கேற்றடியில் போடாதீர்கள். நகரத்து மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன.

மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் தினமும் 3 லீற்றர், பிறகு இரண்டு மாதம் ஒருநாள் விட்டொருநாள் 5 லீற்றர். கச்சான் காலத்தில் ஒரு செடிக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 8 முதல் 10 லீற்றர். தினமும் ஒரு கோப்பை தெளிப்பதால் மேல்மண்தான் நனையும், வேரும் மேலேயே நின்று காயும். உவர்நீர் என்றால் இலைமேல் ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகி உப்பு இலையில் தங்கும், விளிம்பு கருகும். அடியில் மட்டும், விடிகாலையிலோ பொழுது சாய்ந்தோ ஊற்றுங்கள். காய்ந்த இலையோ துண்டாக்கிய பொச்சோ மூன்றங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைச் சுற்றி மூன்றங்குலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டிய மூடாக்கில் கறையான் ஏறிப் பட்டையை உரித்துவிடும்.

உரத்தில் குறைவாகவே கை வையுங்கள். செப்டெம்பர் முடிவிலும் பெப்ரவரியிலும் ஒரு செடிக்கு ஒரு கிலோ மக்கிய மாட்டெரு. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தண்ணீரில் கரையும் கலப்பு உரமான அல்பேட் கலவை லீற்றருக்கு ஒரு கிராம் கரைத்து, செடிக்கு ஒன்றரை லீற்றர். கச்சான் காலத்தில் இரசாயன உரம் வேண்டாம். உவர்நீர் ஏற்கனவே சேர்க்கும் உப்போடு அதுவும் சேரும். வெட்சியடியில் அடுப்புச் சாம்பலும் முட்டைக் கோதும் போடும் பழக்கத்தைக் கட்டாயம் நிறுத்துங்கள். இரண்டும் மண்ணைக் காரமாக்குபவை. எப்பாவலைப் பாறைப் பொசுபேற்றும் இங்கே பயனில்லை, கடும் அமில மண்ணில்தான் அது நன்றாகக் கரையும்.

கத்தரிப்பது வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரி கடைசியில். மழை விட்டு வெயில் தொடங்கும் வேளையில் ஒவ்வொரு கிளை நுனியிலும் இரண்டு, மூன்று அங்குலம் எடுத்துவிட்டால், ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் சித்திரைப் பிறப்பையொட்டி வெட்சி கொத்துக் கொத்தாகத் திரும்பும். மற்ற நாட்களில் வாடிய கொத்தை மட்டும் முதல் இலைச்சோடிக்கு மேலே கிள்ளிவிடுங்கள். வேலி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் மாதாமாதம் மட்டமாகச் சீவினால் மொட்டும் போகும்.

இலை மஞ்சளாவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மஞ்சள் என்றதும் எல்லோரும் யூரியாவை எடுக்கிறார்கள். எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று முதலில் பாருங்கள். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றும் 1 கிராம் சித்திரிக் அமிலமும் கரைத்து, பொழுது சாய்ந்தபின் இலையில் படத் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சுவரிலும் தரை ஓட்டிலும் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது. இதே சல்பேற்றைச் சுண்ணாம்பு மண்ணில் தூவினால் வேர் எடுக்க முதலே இறுகிவிடும், காசு வீண். தெளித்தும் வருடத்துக்கு இரண்டு முறை மஞ்சள் திரும்பி வந்தால் அந்த இடம் வெட்சியை ஏற்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நந்தியாவட்டைக்கு மாறுங்கள். அடியிலுள்ள பழைய இலையில் நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் என்றால் மக்னீசியக் குறை. 5 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு, மாதம் ஒரு முறை, இரண்டு மாதம். பழைய இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் மட்டுமே நைதரசன் குறை, அதற்கு மாட்டெருவே போதும். இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகினால் உப்பு. அப்போது உரம் எதுவும் போடாமல், நல்ல தண்ணீர் இரண்டு வாளியை அரை மணி இடைவிட்டு ஊற்றி உப்பைக் கீழே கழுவிவிடுங்கள். மாரி மழை இந்த வேலையை வருடாவருடம் தானாகவே செய்யும், வடிகால் திறந்திருந்தால்.

இலையில் கரி பூசினாற்போலக் கறுப்புப் படிந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை. இலையின் பின்புறத்திலும் கணுவிலும் செதில் பூச்சியோ வெள்ளை மாவுபோல ஒட்டும் பூச்சியோ இருக்கும். அது கழிக்கும் இனிப்பில்தான் கறுப்புப் பூசணம் வளர்கிறது. எறும்பு மேலும் கீழும் ஓடுவது முதல் அடையாளம். லீற்றருக்கு 5 மி.லீ. வேப்பெண்ணெய், 2 மி.லீ. திரவச் சவர்க்காரம், மாலையில், ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை, இலையின் பின்புறம் நனைய அடியுங்கள்.

சாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குறைந்தது 16 அங்குலச் சாடி, அடியில் மூன்று துளை. புதுச் சீமெந்துச் சாடி சுண்ணாம்பு விடும், கடதாசிப்பூவுக்குப் பரவாயில்லை, வெட்சிக்கு ஆகாது. அடியில் தட்டு வைக்காதீர்கள். 2017-இல் டெங்குக் காய்ச்சலால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது. தட்டில் தங்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நுளம்புக் குடம்பிக்குப் போதும்.

கடைசியாக மான். பிரடெரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் வரும் புள்ளிமான்களுக்கு மூன்று, நாலடி மதில் தடையே அல்ல. செவ்வரத்தை, ரோசா இரண்டும் வைத்த இரவே போகும். வெட்சியை அவை தேடி வருவதில்லை என்றாலும், ஓகஸ்ட், செப்டெம்பரில் புல் காய்ந்தபின் எந்த இளந்தளிரையும் கடித்துப் பார்க்கும். ஆண் மான் கொம்பைத் தேய்த்தால் சின்னக் கன்று அடியோடு முறியும். ஆகவே நட்ட அன்றே ஒவ்வொரு கன்றையும் சுற்றி நாலடி உயரம், இரண்டரை அடி விட்டத்தில் இரண்டங்குலக் கண் உள்ள கம்பி வலையை மூன்று கம்பில் கட்டி நிறுத்துங்கள். வலையின் மேல் விளிம்பில் கூர்முனை வெளியே நீளாமல் உள்ளே மடித்துவிடுங்கள், மானின் கழுத்தும் பிள்ளைகளின் கையும் கிழியாது. கன்று ஒன்றரை அடி உயர்ந்து அடித்தண்டு விரல் தடிப்பு வந்ததும், வருகிற மாரியில் புல் முளைத்த பிறகு வலையைக் கழற்றலாம்.